ஓடி முடித்த பிறகு எதை உடுத்துவது? பருத்தி, பாலியெஸ்டர், மோடால்: ஓர் அலசல்

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பார்க்கில் பதினைந்து கிலோமீட்டர் ஓடிவிட்டு, நனைந்த டி-சர்ட்டோடு பஸ் ஏறி, ஏர்கானுக்கு நேர் கீழே உட்கார்ந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். கடற்கரையில் கொதித்த உடம்பு பத்தே நிமிடத்தில் நடுங்கத் தொடங்கிவிடும். வீடு வந்து சேர்வதற்குள் கெண்டைக்கால் இறுகிவிடும். ஓடும்போது என்ன போடலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஓடிய பிறகு என்ன போடலாம் என்று கேட்டால் பதில் வராது. தசைவலியோ 24 மணி நேரத்துக்குப் பிறகுதான் ஏறும், 72 மணி நேரம் வரைகூட வாட்டும். அந்த மூன்று நாளும் உடம்பை ஒட்டியிருப்பது துணிதான்.

எந்தத் துணியும் தசையை ஆற்றாது. அந்த வேலையைத் தூக்கமும் சாப்பாடும் தண்ணீரும் செய்கின்றன. உடம்புச் சூட்டை வெளியே விடுவது, தோலை ஈரத்தில் ஊறவிடாமல் காப்பது, தூக்கத்தைக் கெடுக்காமல் இருப்பது, இவ்வளவுதான் துணியின் பங்கு. சிங்கப்பூரில் இதுவே பெரிய காரியம். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்துக்கு மேல். வியர்வை ஆவியாகிப் போனால்தான் உடம்பு குளிரும். காற்றே ஈரமாக இருந்தால் அது எங்கே போகும்?

பாலியெஸ்டரை முதலில் பார்ப்போம், எல்லாருடைய பையிலும் அதுதான் இருக்கிறது. அதன் இழை ஏறக்குறைய தண்ணீரே குடிப்பதில்லை. ஈரம் உறிஞ்சும் அளவு வெறும் 0.4 சதவீதம். வியர்வை இழைகளுக்கு இடையிலுள்ள சந்துகளில் பரவி, மேற்பரப்புக்கு வந்து ஆவியாகிறது. ஏர்கான் ஓடும் எம்ஆர்டி ரயிலில் இது அருமையாக வேலை செய்யும். ஆனால் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, காற்றில்லாத மத்தியான வேளையில் மேற்பரப்புக்கு வந்த வியர்வை அங்கேயே நிற்கும், சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும். நாற்றம் இன்னொரு தொல்லை. பாலியெஸ்டர் உடம்பின் எண்ணெய்ப் பசையை இழுத்துப் பிடித்துக்கொள்வதால், துவைத்து எடுத்த சட்டைகூட உடம்புச் சூடு பட்டதும் மறுபடி வாடை வீசும்.

பருத்தி நேர் எதிர். தன் எடையில் 7, 8 சதவீதம் ஈரத்தைக் காற்றிலிருந்தே இழை உள்ளே வாங்கிக்கொள்ளும். அதனால் லேசான கசிவு தோலில் பிசுபிசுக்காது. ஆனால் முழுக்க நனைந்துவிட்டால் லேசில் காயாது. பஸ்ஸில் என்னை நடுங்க வைத்தது அப்படி நனைந்த பருத்தி டி-சர்ட்தான்.

இதை வைத்துப் பருத்தியே கூடாது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இழையைவிட நெசவு முக்கியம். சாதாரண டி-சர்ட் துணி சதுர மீட்டருக்கு 150 முதல் 200 கிராம் இருக்கும். வாயில் (voile) எனும் மெல்லிய பருத்தித் துணி ஏறக்குறைய அதில் பாதிதான். பழைய கைலியையோ நைந்த மல் வேட்டியையோ வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், நூலுக்கு நூல் இடைவெளி தெரியும். காற்று அதன் வழியாகத்தான் நுழைகிறது. தளர்வாகவும் இருப்பதால், நடக்கும்போது கீழிருந்து காற்று ஏறி இறங்கும். கால் வலிக்கும் நாளில், தொடையைப் பிடிக்காத கைலிக்கு ஈடாக எந்த விளையாட்டுக் கால்சட்டையும் இதுவரை எனக்குக் கிடைக்கவில்லை. பெண்களுக்கு மெல்லிய காட்டன் நைட்டி இதே சுகத்தைத் தரும்.

மோடாலும் லயோசெலும் மரக்கூழிலிருந்து வரும் இழைகள். 11 முதல் 13 சதவீதம் வரை ஈரம் வாங்கும். தொட்டால் வழுக்கிக்கொண்டு போகும். தோல் உரசி எரியும் இடங்களில் பருத்தியைவிட இதமாக இருக்கும். இரவு உடைக்கு, அதுவும் ஏர்கான் போட்டுத் தூங்குகிறவர்களுக்கு, நான் இதைத்தான் முதலில் சொல்வேன். 'மூங்கில்' என்று விற்பதில் மட்டும் கவனம் தேவை. அதில் பெரும்பாலானவை மூங்கில் கூழில் செய்த விஸ்கோஸ், அதாவது ரேயான் வகை இழைதான். அமெரிக்காவில் அதை ரேயான் அல்லது விஸ்கோஸ் என்றே லேபிளில் போட வேண்டும். மென்மையாக இருக்கும், சரி; ஆனால் நனைந்தால் வலு பாதியளவுக்குக் குறைந்துவிடும், முறுக்கிப் பிழியக் கூடாது.

மெரினோ கம்பளியில் நாற்றம் எளிதில் ஏறாது, ஈரத்தையும் நிறைய வாங்கும். விலைதான் இடிக்கிறது: ஒரு சட்டையே பல நேரம் நூறு வெள்ளியைத் தொடுகிறது. லினன் காற்றோட்டத்தில் கெட்டிக்காரன், ஆனால் வலிக்கும் தோளில் அதன் சொரசொரப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

இறுக்கிப் பிடிக்கும் கம்பிரஷன் உடையையும் விட்டுவிட முடியாது. வலி சற்றுக் குறைவதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன, பலன் பெரிதல்ல. நைலானும் இழுபடும் ஸ்பான்டெக்ஸும் சேர்ந்த துணி என்பதால் நம் ஊர்ப் புழுக்கத்தில் வேர்க்குரு வரவும் வழிவிடும். போடுவதென்றால் குளித்துத் துடைத்த பிறகு, ஏர்கான் அறையில், இரண்டு மூன்று மணி நேரம் போதும்.

ஆகவே நான் ஒரே துணியைத் தேடுவதை நிறுத்திவிட்டேன். ஓட்டம் முடிந்ததும் கழிப்பறையில் துண்டால் துடைத்துவிட்டு, உலர்ந்த மெல்லிய பாலியெஸ்டர் சட்டைக்கு மாறி ரயில் ஏறுகிறேன். மறுபடி வியர்த்தாலும் ஏர்கானில் காய்ந்துவிடும். வீட்டில் குளித்ததும் கைலி, இரவில் மோடால் பனியன். டிசம்பர் மழையில் ஜன்னல் கழியில் போட்ட பருத்தி இரண்டு நாளானாலும் காயாது, அப்போது மட்டும் கைலியைக் கூடுதலாக ஒன்று வைத்துக்கொள்கிறேன். அப்புறம், பாலியெஸ்டர் சட்டைக்குத் துணி மென்மையாக்கி ஊற்றாதீர்கள். அது இழையின் மேல் படலமாகப் படிந்து, வியர்வை பரவும் வழியை அடைத்துவிடும்.