கோல்மன் ஸ்திரீட்டில் வாங்கிய லீக் ஸ்டீரியோ 20

சிங்கப்பூரின் அடெல்ஃபி கட்டடத்தில் ஒலிக்கருவிக் கடைகளுக்குக் குறைவில்லை. டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாயால், அதாவது வால்வால், ஓடும் பழைய ஆம்ப்ளிஃபயர்களைப் பழுதுபார்த்து விற்கும் ஒரு சிறிய கடையில்தான் லீக் ஸ்டீரியோ 20 கிடைத்தது. ஆயிரத்து ஐந்நூறு வெள்ளிக்கு மேல் ஆயிற்று. "இந்தப் பணத்துக்குப் பாடகரையே வீட்டுக்கு அழைத்திருக்கலாமே" என்றார் என் மனைவி.

லீக் நிறுவனம் 1934இல் லண்டனில் தொடங்கியது. இந்த மாடல் 1958இல் வந்தது. ஸ்பீக்கரை ஓட்டும் நான்கு இஎல்84, மூன்று இசிசி83, ஒரு ஜிஇசட்34 ஆகிய வால்வுகள். இடம், வலம் என்று பக்கத்துக்குப் பத்து வாட் சொச்சம். ஆங்கிலேயர் செய்ததால் நம் 230 வோல்ட்டிலேயே ஓடும். ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்குச் செய்தவை 100 வோல்ட் கேட்கும். அவற்றுக்குத் தனியாக ஒரு கனத்த டிரான்ஸ்ஃபார்மரையும் சுமந்து வர வேண்டும்.

கடைக்காரர் எழுபதைத் தாண்டிய சீனர். எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். நான் கேட்காமலேயே பெட்டியைக் கவிழ்த்து அடித்தகட்டைக் கழற்றினார். மல்டிமீட்டரின் ஒரு முனையை உலோகச் சட்டத்தில் கவ்வவிட்டு, மின்சாரத்தைப் போட்டு, இடது கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். உள்ளே முந்நூறு வோல்ட் டிசி இருக்கிறது. இரு கைகளும் உள்ளே இருந்தால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் பாயும். மறுமுனையை ஒவ்வொரு இஎல்84இலும் ஒலி நுழையும் இரண்டாம் காலில் தொட்டுக் காட்டினார். நான்கிலும் பூஜ்யம்.

வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்குவோர் பார்க்க வேண்டிய எண் அதுதான். கட்டங்களுக்கு இடையே டிசியைத் தடுத்து நிற்கும் பழைய காகிதக் கெபாசிட்டர்கள் கசியத் தொடங்கினால், முந்தைய கட்டத்தின் மின்னழுத்தம் அந்தக் காலுக்கு வந்துவிடும். வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்து, உள்ளிருக்கும் தகடு சிவக்கக் காயும். அத்துடன் விட்டால் பரவாயில்லை, ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மரையும் சேர்த்துக் கொண்டுபோய்விடும். பழைய லீக்கில் டிரான்ஸ்ஃபார்மர்தான் சொத்தே. அங்கிள் கெபாசிட்டர்களையெல்லாம் மாற்றியிருந்தார். வேறொரு கடையில், "எதையும் தொடாத அசல்" என்று சொல்லி இதைவிட அதிக விலை கேட்டார்கள். அருங்காட்சியகத்துக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

ஒலிக்கு வருகிறேன். வால்வு என்றால் எல்லாம் குழைந்து வரும் என்று ஒரு பேச்சு உண்டு. இது அப்படிக் குழைவதில்லை. ஒலிப் பிறழ்வு 0.1 விழுக்காடுதான் என்று பறைசாற்றவே தன் கருவிகளுக்கு 'பாயின்ட் ஒன்' என்று பெயர் சூட்டிய நிறுவனம் இது. பழுதுபார்க்காத கருவியில் கேட்கும் மந்தமான ஒலியைப் பலர் வால்வின் குணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பது என் சந்தேகம். நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலத்தின் பழைய இசைத்தட்டு ஒன்றைப் போட்டேன். சீவாளியில் காற்று பிடிபடும் அந்தக் கணம், பின்னால் ஒத்தின் சுருதி, தவிலின் வலந்தலையில் விழும் அடி எல்லாம் தனித்தனியாகக் கேட்டன. தவிலின் மறுபக்கமான தொப்பியின் தாழ்ந்த ஒலி மட்டும் கொஞ்சம் தளர்வு. என் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் அதை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். ஆனாலும் இரவில் நான் போடுவது லீக்கைத்தான்.

குறையும் சொல்ல வேண்டும். வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் இது ஒரு சிறிய அடுப்பு. குளிர்சாதனத்தோடு போட்டி போடுகிறது. வால்வுகளைச் சுற்றிக் கூண்டு கிடையாது, பேரப்பிள்ளைகள் வரும் நாளில் நான் இதைத் தொடுவதே இல்லை.

ஸ்பீக்கர் விஷயத்தில் இது கறார். ஒரு வாட்டுக்கு 90 டெசிபெல் தரும் ஸ்பீக்கரில் பத்து வாட் செய்யும் வேலையை 84 டெசிபெல் ஸ்பீக்கரில் செய்ய நாற்பது வாட் வேண்டும். வீட்டில் இருப்பது அந்த இரண்டாம் வகை என்றால் ஸ்பீக்கருக்கும் சேர்த்துப் பணம் எடுத்துவையுங்கள். வால்வுகளுக்குக் கவலையில்லை. ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் இஎல்84 இன்றும் தயாராகிறது. பழைய மல்லார்டு நிறுவன வால்வுதான் வேண்டும் என்றால் விலை எகிறும். அங்கிளே அதை வாங்க வேண்டாம் என்றுதான் சொன்னார்.