கான் எந்தப் பக்கம்? ஈரல் கலங்களை எதில் வளர்ப்பது

போன கிழமை இறுதியாண்டுப் பிள்ளை ஒருத்தி கீழ்க்காய்நெல்லிச் சாற்றுப் போத்தலோடு ஆய்வுகூடத்துக்கு வந்தாள். செங்கமாரி வந்தால் அவளுடைய அம்மம்மா அரைத்துக் கொடுப்பாராம். அது பித்தத்தை உண்மையிலேயே ஓட வைக்கிறதா என்று பார்க்க வேண்டுமாம். "அக்கா, ஹெப்ஜி2 இருக்குத்தானே, அதிலேயே செய்யலாமா?" என்று கேட்டாள். ஹெப்ஜி2 என்பது ஆய்வுகூடத்தில் தொடர்ந்து பெருக்கி வளர்க்கும் ஓர் ஈரல் கலவரிசை. கொழும்பில் ஈரல் கலம் என்று தொடங்கும் எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். நானும் கேட்டிருக்கிறேன்.

பதில் சொல்வதற்கு முதல், ஈரல் கலத்தின் முனைவுத்தன்மையை, அதாவது அதன் எந்தப் பக்கம் எந்த வேலைக்கு என்பதை, பார்க்க வேண்டும். வெள்ளவத்தையில் ஒட்டிக்கொண்டு நிற்கும் இரண்டு வீடுகளை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு மதிலுக்கும் நடுவில் ஒடுங்கிய கான் ஒன்று. இரண்டு வீட்டுத் தண்ணீரும் அதில்தான் விழும். ஈரல் கலங்கள் பித்தத்தை ஊற்றும் பித்த நுண்கால்வாயும் அப்படித்தான்: அடுத்தடுத்த இரு கலங்களின் மென்சவ்வுகளே அதன் சுவர்கள், அகலம் ஒரு மைக்ரோமீற்றர் அளவு. இரத்தத்தைப் பார்க்கும் பக்கங்கள் வேறு. கானுக்கும் இரத்தப் பக்கத்துக்கும் நடுவில் இறுக்கச் சந்திகள் அடைப்புப் போட்டு நிற்கின்றன. சிறுநீரகக் கலத்தில் இப்படியில்லை. அதற்கு மேலே மொட்டைமாடி, கீழே அத்திவாரம், அவ்வளவுதான். நாய்ச் சிறுநீரகக் கலங்களில் பார்1பி என்ற ஒரு புரதத்தைக் கூட்டினால் அவையும் ஈரல் கலம் மாதிரி பக்கவாட்டில் கான் வெட்டத் தொடங்குகின்றன. 2004-இல் வந்த இந்த முடிவை நான் இன்னும் வியந்துதான் படிக்கிறேன்.

கலத்தைப் பிரித்தெடுக்கும்போதே இந்த ஏற்பாடு குலைந்துவிடும். கல்சியத்தை எடுத்துவிட்டு, கலங்களைத் தாங்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தை உடைக்கும் கொலாஜனேஸ் நொதியத்தை ஈரலுக்குள் ஓட்டும்போது சந்திகள் கழன்று, கலங்கள் உருண்டையாகி, எந்தப் பக்கம் எது என்று தெரியாமல் கிடக்கின்றன. வளர்ப்புத் தட்டில் அவை மறுபடி பக்கத்துக் கலத்தைத் தேடிப் பிடித்து, சந்தி கட்டி, கான் வெட்டுகின்றனவா என்பதுதான் விஷயம். ஒவ்வொரு முறையையும் நான் அதை வைத்துத்தான் எடைபோடுவேன்.

முதலில் ஹெப்ஜி2. ஆர்ஜன்டீனாவைச் சேர்ந்த 15 வயதுப் பையனின் ஈரல் கட்டியிலிருந்து எடுத்து, 1970-களின் கடைசியில் உலகுக்கு வந்த கலவரிசை. சாகாது, பெருகும், திரவ நைதரசனில் வருடக்கணக்கில் தூங்கும். இரண்டு மூன்று நாளில் சில கலச் சோடிகளுக்கு நடுவில் சின்ன உருண்டை வெளி தெரியும். அது கான்தான், ஆனால் ஊர் முழுக்க ஓடும் கான் இல்லை, வீட்டு வாசலில் தேங்கிய குட்டை. அதோடு, பித்த உப்பைக் கானுக்குள் தள்ளும் பிஎஸ்இபி என்ற கடத்திப் புரதம் இதில் மிகக் குறைவு. பித்தம் ஓடுகிறதா என்று இந்தக் கலத்திடம் கேட்பது, கடலையே காணாதவனிடம் கடலலையைப் பற்றிக் கேட்கிற மாதிரி. கலம் செத்ததா பிழைத்ததா என்று பார்க்க மட்டும் நல்லது.

அப்புறம் கொலாஜன் சான்ட்விச். 1989-இல் டன், யார்மஷ், டொம்ப்கின்ஸ் ஆகியோர் அடங்கிய குழு காட்டியது: எலியின் ஈரல் கலங்களைக் கொலாஜன் படையில் பரப்பி, மேலே இன்னொரு படை ஊற்றினால், ஆறு கிழமைக்குப் பிறகும் அல்புமின் என்ற ஈரல் புரதத்தைச் சுரக்கின்றன. கீழே மட்டும் கொலாஜன் இருந்தால் இரண்டு கிழமைகூடத் தாக்குப்பிடிப்பதில்லை. காரணம் எளிது. உடம்புக்குள் ஈரல் கலத்தின் இரு பக்கமும் இரத்தம் இருக்கிறது, இரு பக்கமும் கொலாஜன் போன்ற இழைகளின் தாங்கல் இருக்கிறது. மேல்படை அந்தக் குறையைத்தான் தீர்க்கிறது. மூன்று நான்கு நாளில் கலங்களுக்கு நடுவே வெளிச்சக்கோடுகள் கிளைவிட்டு இணைவதை சாயம் எதுவும் போடாமலேயே நுணுக்குக்காட்டியில் பார்க்கலாம். டோரோகோலேட் என்ற பித்த உப்பைச் சேர்த்தால் அது இன்னும் விரைவாக நடக்கிறது. கலத்தின் சக்தியைக் கண்காணிக்கும் எல்கேபி1, ஏஎம்பிகே புரதங்கள் வழியாக அது வேலை செய்கிறது.

கான் உண்மையில் மூடியிருக்கிறதா என்று சோதிக்கவும் இதில் வழி உண்டு. ஒளிராத ஒரு சாயத்தைப் போடுவோம். கலம் அதை உடைத்துப் பச்சையாக்கும், எம்ஆர்பி2 என்ற இன்னொரு கடத்திப் புரதம் அதைக் கானுக்குள் தள்ளும். பத்து நிமிடத்தில் கலத்துக்குள் மங்கி, கோடுகள் மட்டும் பச்சையாய் எரியும். வளர்ப்புத் தட்டின் அடுத்த குழியில் கல்சியமில்லாத கரைசல் ஊற்றினால் சந்தி திறந்து சாயம் வெளியே வந்துவிடும். இரண்டு குழிகளின் வித்தியாசமே கானுக்குள் போன அளவு. செடிச்சாறு என்றால் ஒரு எச்சரிக்கை: சாறு தானாகவே ஒளிரக்கூடும், சாறு மட்டும் போட்ட குழியும் வேண்டும்.

குறை? நிறைய. நடுநிலையாக்கிய கொலாஜன் ஐஸில் இருக்கும் வரைக்கும்தான் திரவம். அமிலம் நடுநிலையாகி, மஞ்சளாயிருந்த கரைசல் இளஞ்சிவப்பாகும் கணத்திலிருந்து நேரம் ஓடுகிறது. ஏசி நின்ற ஒரு மத்தியானம் அது பிப்பெட் நுனிக்குள்ளேயே இறுகி, என்னிடம் பாதித் தட்டு மேல்படை இல்லாமல் நின்றது. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு வந்தபோது இன்னும் மோசம். நான்காம் நாள் சான்ட்விச், கோடுகள் எல்லாம் கலைந்து உருண்டையாகிவிட்டது. ஹெப்ஜி2 என்றால் இன்னொரு குப்பியை உருக்கியிருப்பேன். இதற்குப் புதிய எலி, புதிய ஒழுக்கவியல் அனுமதி.

ஸ்பீரொயிட் எனப்படும் உருண்டைகள் இப்போது பலருக்குப் பிடித்திருக்கிறது. ஒட்டாத குழியில் கலங்கள் தாமாகவே உருண்டையாகும். விலை கூடிய தட்டு வேண்டியதில்லை, டிஎன்ஏ ஜெல்லுக்கு வைத்திருக்கும் அகரோஸைப் பூசினாலே போதும். கான்கள் நன்றாக வரும், ஆனால் உள்ளே. சாதாரண நுணுக்குக்காட்டிக்கு அது கறுப்புப் பந்துதான். 200 மைக்ரோமீற்றருக்கு மேல் பெருத்தால் நடுவில் ஒட்சிசனும் தட்டுப்படும். உள்ளே படை படையாகப் பார்க்கும் கொன்ஃபோக்கல் நுணுக்குக்காட்டி இல்லாதவர் இதைத் தொடாதிருப்பது நல்லது.

ஹெப்பாஆர்ஜி இன்னொரு நல்ல ஈரல் கலவரிசை. இரண்டு கிழமை வளர்த்து, இன்னும் இரண்டு கிழமை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் 2 சதவீதம் கலந்த ஊடகத்தில் வைத்தால் ஈரல் கலமும் பித்தக்குழாய்க் கலமும் கலந்து வரும். மின்சாரத்தை நம்பி ஒரு மாதம் காத்திருக்க எனக்குத் துணிவில்லை.

அவளிடம் சொன்னேன்: சாறு எந்தச் செறிவில் கலத்தைக் கொல்லும் என்று ஹெப்ஜி2-இல் பார், பித்தக் கேள்வியைச் சான்ட்விச்சுக்கு வை. முகம் சுருங்கியது. "எலி எடுக்க எவ்வளவு காலம் ஆகும் அக்கா?" அனுமதிப் பத்திரத்தை இன்றைக்கே நிரப்பச் சொன்னேன். வியாழக்கிழமை கலம் இல்லாமல் கொலாஜன் மட்டும் ஊற்றிப் பழகப் போகிறோம். ஐஸ் பெட்டியைப் பெரிதாகக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.