யுபிஐ நீண்டகாலப் பயன்பாடு: ஃபிஷிங் எந்த வழியாக நுழைகிறது?

கூகுள் பே, போன்பே, பேடிஎம், பீம் என எதை வைத்திருந்தாலும் அடியில் ஓடுவது ஒரே யுபிஐதான். அதனால் ஆப்பை மாற்றினால் மோசடியிலிருந்து தப்பலாம் என்பது வீண் கணக்கு. அடித்தளத்தை உடைத்துப் பணம் எடுப்பது அரிது. கணக்குக்காரரே பின் நம்பரை அடித்தோ, ஒரு எஸ்எம்எஸ்ஸை அனுப்பியோ, ஓர் ஆப்பை நிறுவியோ வழிவிடுவதுதான் அன்றாடம் நடக்கிறது. இப்படி ஏமாற்றி வழிவிட வைப்பதுதான் ஃபிஷிங்.

பணம் வாங்க பின் நம்பர் வேண்டாம் என்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் ஏன் ஏமாறுகிறார்கள்? பழைய கட்டிலை விற்க விளம்பரம் போட்டவருக்கு ஒருவர் போன் செய்கிறார். நம்பிக்கை வர முதலில் 1 ரூபாய் அனுப்புகிறார். பிறகு ஒரு கியூஆர் படத்தை அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணுங்க, மீதி வந்துடும்" என்கிறார். ஸ்கேன் செய்ததும் வரும் பின் நம்பர் திரையின் மேற்பகுதியில் தொகையும் பெறுபவர் பெயரும் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் விற்பவரின் கண் கீழே எண்பலகையிலேயே இருக்கும். தனிநபர் இன்னொரு தனிநபரிடம் பணம் கேட்டு அனுப்பும் 'கலெக்ட் ரிக்வெஸ்ட்' வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. அது நல்ல முடிவு. ஆனால் கியூஆரும், தொட்டவுடன் தொகையோடு ஆப்பைத் திறக்கும் லிங்க்கும் அப்படியே இருக்கின்றன.

2025 ஜூன் 30-க்குப் பிறகு, பெறுபவர் பெயராக வங்கிக் கணக்கில் உள்ள பெயரையே ஆப்கள் காட்ட வேண்டும். கடையின் கியூஆர் மேல் யாராவது வேறு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்தப் பெயரில்தான் குட்டு வெளிப்படும். கடைப் பெயருக்குப் பதில் முதலாளி பெயர் வருவது சகஜம் என்பதால், சந்தேகமாக இருந்தால் பெயரைப் படித்துக் காட்டிக் கேட்டுவிட்டு அனுப்புங்கள்.

இதைவிட ஆபத்தானது, பெரும்பாலோர் கவனிக்காதது, பதிவு எஸ்எம்எஸ். புதிய போனில் யுபிஐ ஆப்பைத் தொடங்கும்போது, உங்கள் சிம்மிலிருந்து புரியாத எழுத்துகள் கொண்ட ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும். எண் உங்களுடையதுதான் என்று ஆப் உறுதி செய்வது அதை வைத்துத்தான். மோசடிக்காரர் தன் போனில் பதிவைத் தொடங்கி, அதே எழுத்துகளை உங்களுக்கு அனுப்பி, "கேஒய்சி முடிய இதை இந்த நம்பருக்கு ஃபார்வர்டு பண்ணுங்க" என்பார். செய்துவிட்டால் உங்கள் எண் அவர் போனோடு இணைந்துவிடும். அடுத்து புதிய பின் நம்பர் அமைக்க அவருக்குத் தேவைப்படுவது டெபிட் கார்டின் கடைசி 6 எண்கள், காலாவதி மாதம், ஓடிபி. ஒருவர் கார்டின் "கடைசி ஆறு" எண்ணை மட்டும் கேட்டால் காரணம் இதுதான். புதிய பதிவுக்குப் பின் முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய் வரம்பு உண்டு. "உங்கள் யுபிஐ புதிய கருவியில் பதிவானது" என்று செய்தி வந்தால், வங்கியை அழைக்க வேண்டியது அந்த நிமிடமே.

ஆண்ட்ராய்டில் இன்னொரு வழி ஏபிகே கோப்பு, அதாவது பிளே ஸ்டோர் இல்லாமலே ஆப்பை நிறுவும் கோப்பு. ஆர்டிஓ சலான், கல்யாணப் பத்திரிகை, பிஎம் கிசான் என்ற பெயர்களில் வாட்ஸ்அப்பில் வரும். நிறுவினால் எஸ்எம்எஸ் அனுமதி கேட்டு, வரும் ஓடிபிகளை வெளியே அனுப்பும். செட்டிங்ஸில் 'அன்நோன் ஆப்ஸ்' என்று தேடி, வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் உள்ள நிறுவும் அனுமதியை அணைத்துவிடுங்கள். ஏற்கெனவே நிறுவியாயிற்றா? உடனே ஏரோப்ளேன் மோடு போட்டு, வேறு போனிலிருந்து வங்கியை அழையுங்கள். நீக்க முடியாமல் அடம்பிடித்தால், முக்கியமானவற்றை எடுத்துவைத்துவிட்டு ஃபேக்டரி ரீசெட்.

"இன்றிரவு 9.30-க்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று தமிழ்நாட்டில் சுற்றிய எஸ்எம்எஸ் வந்தது சாதாரணப் பத்திலக்க எண்களிலிருந்து. நிறுவனங்களின் எஸ்எம்எஸ் எழுத்துப் பெயரில் வரும். 2025 முதல் அதன் கடைசியில் எஸ், டி, ஜி, பி என்ற எழுத்துகளில் ஒன்றும் இருக்கும். பி என்றால் விளம்பரம். வங்கிகள் சேவைக்காக அழைக்க 1600-ல் தொடங்கும் எண்கள் ஒதுக்கப்பட்டுள்ளன. வங்கித் தளங்கள் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு மாற ரிசர்வ் வங்கி வைத்த கெடு 2025 அக்டோபர் 31. கஸ்டமர் கேர் எண்ணை மட்டும் கூகுளில் தேடாதீர்கள். கார்டின் பின்புறத்திலேயே இருக்கிறது.

நீண்டகாலத்தில் நன்றாகத் தாங்கும் ஏற்பாடு தனிக் கணக்கு. சம்பளமும் சேமிப்பும் உள்ள கணக்கை யுபிஐயில் இணைக்காமல், மாதச் செலவுக்கான தொகை மட்டும் உள்ள இன்னொரு கணக்கை இணைப்பது. சில்லறைச் செலவுக்கு யுபிஐ லைட், அதாவது முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் சிறு பர்ஸ்: ஒரு முறைக்கு 1,000, மொத்த இருப்பு 5,000 ரூபாய் வரை, பின் நம்பர் இல்லை. பின் நம்பர் இல்லாததைக் குறையாகச் சொல்வார்கள். எனக்கு அது பெரிய வசதியாகப் படுகிறது. டீக்கும் காய்கறிக்கும் தினம் பத்து முறை பின் அடித்துப் பழகிய விரல் எதையும் படிக்காது. எப்போதாவது வரும் பின் திரையைத்தான் நிதானமாகப் பார்ப்போம். தவணை தவணையாகத் தானாகப் பணம் கழியும் ஆட்டோபே பட்டியலையும் மாதம் ஒருமுறை பாருங்கள். ஒருமுறை ஒப்புதல் கொடுத்தால் அதன்பின் 15,000 ரூபாய் வரை பின் நம்பர் இல்லாமலே போகும். பல ஆப்களில் இந்தப் பட்டியல் புரொஃபைலுக்குள் எங்கோ ஒளிந்திருப்பது எரிச்சல்தான்.

பணம் போய்விட்டால் முதலில் அழைக்க வேண்டியது சைபர் குற்ற உதவி எண் 1930. தொகை, நேரம், 12 இலக்க யுடிஆர் எண் (அந்தப் பரிவர்த்தனைக்கான எண்), வங்கிப் பெயர் கையில் இருக்கட்டும். வங்கியிடமும் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 விதிப்படி, நீங்களே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால் புகார் செய்யும்வரை ஏற்படும் இழப்பு உங்களுடையது. அதன் பிறகு ஏற்படுவது வங்கியுடையது. அதனால் வெட்கப்பட்டு மறுநாள் வரை தள்ளுவது நேரடிப் பண நஷ்டம். புகார் கொடுத்த சில நாட்களில் "பணத்தை மீட்டுத் தருகிறோம், ஃபீஸ் கட்டுங்கள்" என்று யாராவது அழைத்தால், அது இரண்டாவது மோசடி. 1930-ல் புகாருக்குக் கட்டணம் எதுவும் கிடையாது.