இமைக்ரேட் தளம்: நகையை அடகு வைக்கும் முன் பார்க்க வேண்டியது

மன்னார்குடி, கூத்தாநல்லூர், முத்துப்பேட்டைப் பக்கம் வெளிநாட்டு வேலை என்றதும் முதலில் நகை அடகுக்குப் போகிறது. அதற்கு முன் பார்க்க வேண்டியது, வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக வெளியுறவு அமைச்சகம் நடத்தும் இமைக்ரேட் (eMigrate) இணையதளம்.

ஏஜென்ட் பெயரைத் தேடினால் உரிம எண், முகவரி, உரிமம் செல்லும் தேதி எல்லாம் வரும். ஊரில் பணம் வாங்குபவர் பெரும்பாலும் சப்-ஏஜென்ட். “லைசென்ஸ் மெட்ராஸ் ஆபீஸ்ல இருக்கு” என்பார். ரசீது அந்த உரிமதாரர் பெயரிலேயே வேண்டும் என்று கேளுங்கள். தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி உரிமமில்லாமல் ஆளெடுப்பது குற்றம். உரிமம் உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும், ஆக 35,400 வரைதான் வாங்கலாம்.

பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. வளைகுடா நாடுகள், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவருக்குக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். அதோடு வரும் பிரவாசி பாரதிய பீமா காப்பீடுதான் இந்தச் சேவையின் உயிர்: இரண்டு ஆண்டுக்கு 275 ரூபாய், மூன்று ஆண்டுக்கு 375, விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனமானாலோ 10 லட்சம்.

பெரிய ஓட்டை விசிட் விசா. 2023 டிசம்பர் முதல் இந்தியர் விசா இல்லாமலே 30 நாள் மலேசியாவில் தங்கலாம். திருச்சியில் சுற்றுலாப் பயணியாக விமானம் ஏறுபவர் இந்தத் தளத்தின் கணக்கிலேயே வரமாட்டார்.

அப்படிப் போய்த் தங்கிவிட்டவரை வளைகுடாவில் நம்மவர்களே ‘கல்லிவல்லி’ என்பார்கள். சம்பளத்தைப் பிடித்தாலும் அவர் புகார் கொடுக்க மாட்டார் என்று முதலாளிக்குத் தெரியும். பக்கத்தில் முறையான விசாவோடு நிற்பவர் கூலி உயர்த்திக் கேட்பதும் அதோடு போயிற்று. மலேசியாவில் 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் முதலாளி சொக்சோ என்ற தொழிலாளர் காப்பீடு கட்ட வேண்டும். பெர்மிட் இல்லாதவர் கால் உடைந்தால் வைத்தியச் செலவு ஊரிலிருந்துதான் போகும். பணம் வங்கி வழியாக இல்லாமல் உண்டியல் (ஹவாலா) வழியாக வருவதால் வீட்டில் வருமானச் சான்று இருக்காது. வங்கி கடன் தராது, மறுபடி வட்டிக்காரர்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை லட்சம், மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 4,500 ரூபாய். அமீரகத்தில் காலம் கடந்து தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹாம் அபராதம், மாதத்துக்கு 1,500 திர்ஹாம். கட்டட வேலையில் பலருக்கு மாதச் சம்பளமே அவ்வளவு வராது. ஆள் போன ஊரில் சம்பா நடவுக்கு மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். போனவரிடமிருந்து பணம் வராவிட்டால் அந்த நடவுக் கூலியும் கடன்தான்.

அப்படிப் போய் ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கு இமைக்ரேட் அதிகம் உதவாது. வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற புகார் தளத்திலோ அங்குள்ள இந்தியத் தூதரகத்திலோ பதிய வேண்டும். பொதுமன்னிப்பு அறிவித்தால் முதல் வாரமே போய்விடுங்கள்: 2024-இல் அமீரகம் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை அபராதமில்லாமல் விட்டது, அதே ஆண்டு மலேசியா, காலம் கடந்து தங்கியவர்களிடம் 500 ரிங்கிட் வாங்கிக்கொண்டு திருப்பி அனுப்பியது.