சிக்னல் இல்லாத காட்டு வழிக்கு ஓர்கானிக் மப்ஸ்

மாங்குளத்தில் இருந்து ஒட்டுசுட்டான் பக்கம் போய்வருகிற ஆட்களுக்குத் தெரியும், காட்டுக்குள் இறங்கினால் சிக்னல் எப்ப வரும் எப்ப போகும் என்று சொல்லவே ஏலாது. அதனால்தான் என் போனில் முதலிடம் ஓர்கானிக் மப்ஸ் என்ற வரைபடச் செயலிக்கு. வைஃபை இருக்கும்போதே இலங்கை வரைபடத்தை இறக்கி வைத்துவிட்டால் பிறகு டேட்டாவே தேவையில்லை, ஜிபிஎஸ் போதும், குளக்கட்டு, கிரவல் ஒழுங்கை எல்லாம் திரையில் வரும். விளம்பரம் இல்லை, எங்கே போகிறோம் என்று வேவு பார்க்கிறதும் இல்லை. வரைபடம் ஓப்பன்ஸ்ட்ரீட்மப் உடையது, அதாவது யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடம், ஆகவே எங்கள் ஊர்க் கடையோ கோயிலோ விடுபட்டிருந்தால் செயலிக்குள்ளேயே நாங்களே சேர்க்கலாம். நான் எங்கள் சந்திச் சைக்கிள் கடையைச் சேர்த்தேன், அவ்வளவு சந்தோஷம். ஒரே குறை, தமிழில் தேடினால் சில சின்ன ஊர்கள் அகப்படாது, ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும். சரி, போனில் பாட்டுக் கேட்க, படம் பார்க்க விஎல்சி செயலி. இரண்டுமே எஃப்-டிரொய்ட் என்ற ஆண்ட்ரொய்ட் செயலிக் களஞ்சியத்தில் இலவசம்.