செங்கோட்டை மரக்கடை மாடி ஜிம்: 14 மாதம் போன பிறகு எழுதுகிறேன்

பிரானூர் பார்டரில் ஒரு மரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். 1956 நவம்பர் 1-ஆம் தேதி வரை செங்கோட்டை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில்தான் இருந்தது. கேரள எல்லை புளியரைக்கு மேலே நகர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் ‘பார்டர்’ என்ற பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. கொல்லம் ரோட்டில் ஒரு பழைய மரக்கடையின் மாடியில் இருப்பதால் இந்த ஜிம்மை எல்லோரும் மரக்கடை மாடி என்றுதான் சொல்வார்கள். ஏறும்போதே தேக்குத் தூள் வாசனை அடிக்கும்.

எனக்கு 46 வயது, எடை 58 கிலோ. அம்மாவுக்கு 71. நாங்கள் இரண்டு பேருமே அங்கே போகிறோம். இந்தப் பக்கத்தில் ஜிம் தேடுகிற பெண்களுக்கும், வீட்டில் வயதானவர்களை வைத்திருப்பவர்களுக்கும் உதவும் என்று கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

இதற்கு முன்பு வேறொரு ஜிம்முக்கு ஐந்து மாதம் போனேன். பெயர் வேண்டாம். சேர்ந்த அன்றைக்கே, “பெண்கள் வெயிட் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடுவார்கள்” என்று சொல்லி டிரெட்மில்லில் ஏற்றிவிட்டார்கள். தினமும் 40 நிமிடம் நடை, அப்புறம் இரண்டு கிலோ டம்பெல்லை வைத்துக்கொண்டு கையை ஆட்டுவது. இரண்டாவது வாரம் 3,800 ரூபாய்க்கு ஒரு பவுடர் டப்பா. ஐந்து மாதத்தில் நான்கு கிலோ குறைந்தேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் வீட்டில் கேஸ் சிலிண்டரை நகர்த்தப் போனால் முன்பைவிடக் கனத்தது. கொழுப்போடு தசையும் சேர்ந்து போயிருக்கிறது என்று அப்போது எனக்குத் தெரியாது. சாப்பாட்டைக் குறைத்து, புரதமும் இல்லாமல், தசைக்கு வேலையும் கொடுக்காமல் எடையை மட்டும் இறக்கினால் அப்படித்தான் ஆகும்.

அதே சமயத்தில்தான் அம்மா ஒருநாள் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “எழும்ப முடியலையே, ஏட்டி” என்றாள். விழவில்லை, அடிபடவில்லை. ஆனால் அந்தக் குரல் எனக்குள் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டே இருந்தது.

மரக்கடை மாடிக்கு என்னை அனுப்பியது எங்கள் மர டிப்போவில் லோடு ஏற்றும் அண்ணன் ஒருவர். நடத்துகிறவர் ஆரியங்காவுப் பக்கத்துக்காரர், முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். எல்லோரும் மாஸ்டர் என்று கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. அவர் என்னைச் சேச்சி என்பார், அம்மாவை ஆச்சி என்பார்.

முதல் நாள் எடை பார்க்கவில்லை, கண்ணாடி முன்னால் நிறுத்தவும் இல்லை. ஒரு நோட்டைக் கையில் கொடுத்து, “மூணு நாளைக்கு என்னென்ன சாப்பிடுறீங்களோ அப்படியே எழுதிக்கொண்டு வாங்க சேச்சி, கூட்டியும் எழுத வேண்டாம், குறைச்சும் எழுத வேண்டாம்” என்றார். எழுதிக் கொடுத்தேன். காலையில் இட்லி நாலு, மதியம் சோறு, சாம்பார், ஒரு கூட்டு, மோர், சாயங்காலம் டீயும் இரண்டு பிஸ்கட்டும், ராத்திரி தோசை. வரிக்கு வரி புரதத்தைக் கணக்குப் போட்டுக் கீழே கூட்டினார். ஒரு நாளைக்கு 38 கிராம் வந்தது. நமக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சொல்வது உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம். என் எடைக்கு அது 48 கிராம். தசை வளர்ப்பதெல்லாம் அப்புறம், சாதாரணமாக இருப்பதற்கு வேண்டியதே எனக்குக் கிடைக்கவில்லை.

2018-இல் 49 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு முடிவு வெளியிட்டார்களாம். எடைப் பயிற்சி செய்கிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரைக்கும் புரதம் கூடக்கூடப் பலன் கூடுகிறது, அதற்கு மேலே போனால் சராசரியில் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. அந்தக் கணக்கில் எனக்கு 93 கிராம். கேட்டதும் மலைப்பாக இருந்தது. அவ்வளவையும் மாஸ்டர் எங்கள் ஊர்ச் சாமானிலேயே கட்டிக் காட்டினார். காலையில் மூன்று முட்டை, 18 கிராம். மதியம் சாளை. கொல்லத்திலிருந்து மலையேறி வருகிற வண்டியில்தான் எங்களுக்கு மீன். முள் போக 100 கிராம் சாளை தின்றால் 20 கிராம். 40 கிராம் உலர்ந்த சோயா உருண்டையில் இன்னொரு 20. கால் லிட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்த்து 13. ஒரு கைப்பிடி வறுத்த கடலையில் 7. சோறு, பருப்பு, இட்லி எல்லாவற்றிலும் மீதி வந்துவிடும். வெள்ளி, சனி எங்கள் வீட்டில் மீன் இல்லை. அந்த இரண்டு நாளும் பச்சைப்பயறும் பன்னீரும்.

பவுடர் வேண்டாமா என்று நானாகத்தான் கேட்டேன். பால் புரதப் பவுடரில் தப்பு ஒன்றும் இல்லை, சாப்பாட்டில் எட்டாதவர்களுக்கு வசதிதான் என்றார். ஆனால் கொச்சி ராஜகிரி மருத்துவமனை டாக்டர்கள் இந்தியாவில் விற்கும் 36 பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியிட்ட முடிவை எடுத்துக் காட்டினார். 70 சதவீதப் பவுடர்களில் லேபிளில் போட்ட புரதக் கணக்கு தப்பு. சிலதில் சொன்னதில் பாதிதான் இருந்திருக்கிறது. 14 சதவீதத்தில் பூஞ்சை நஞ்சு இருந்திருக்கிறது. என்னுடைய 3,800 ரூபாய் டப்பாவில் என்ன இருந்ததோ, யாருக்குத் தெரியும். இந்த ஜிம்மில் ஒரு டப்பாகூட விற்பனைக்கு இல்லை. நான் இந்த இடத்தை நம்ப ஆரம்பித்தது அந்தக் காலி அலமாரியைப் பார்த்துத்தான்.

தசைக்குத் தெம்பு கொடுக்கிற கிரியாட்டின் என்ற பொடியை மட்டும் விருப்பப்பட்டால் எடுக்கலாம் என்றார். தினமும் 3 முதல் 5 கிராம், தண்ணீரில் கலந்து. முதல் வாரம் அள்ளிக் குடிக்க வேண்டிய அவசியமில்லை. நான் 3 கிராம் எடுக்கிறேன். ஒரு விஷயம், இதைச் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகத்தைச் சோதிக்கப் பார்க்கிற கிரியாட்டினின் அளவு கொஞ்சம் கூடுதலாகக் காட்டலாம். சிறுநீரகம் நன்றாக இருந்தாலும் காட்டும். அதனால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிரியாட்டினையும் தொட வேண்டாம், புரதத்தையும் கூட்ட வேண்டாம்.

இப்போது நோட்டைப் பற்றி. சுவரில் வரிசையாக ஆணி அடித்து, ஆளுக்கொரு 40 பக்க நோட்டு சணலில் தொங்கும். என்னுடையது மூன்றாவது நோட்டு. அட்டை முழுக்க, கை வழுக்காமல் பூசுகிற வெள்ளைப் பொடி படிந்த விரல் தடம். உள்ளே பக்கத்தைப் பிரித்தால் இப்படி இருக்கும்: தேதி, டெட்லிஃப்ட், 57.5 கிலோ, 8, 8, 6. டெட்லிஃப்ட் என்றால் தரையில் கிடக்கிற கம்பியைத் தூக்கி நிமிர்வது, கடைசி மூன்று எண்ணும் மூன்று செட்டில் எத்தனை தடவை தூக்கினேன் என்பது. அந்த 6-க்குப் பக்கத்தில் மாஸ்டர் கையெழுத்தில் மலையாளத்தில் ‘உறக்கம் குறவு’ என்று ஒரு குறிப்பு. அன்றைக்கு முந்தின ராத்திரி அக்கா பேரனுக்குக் காய்ச்சல், நான் ஐந்து மணி நேரம்கூடத் தூங்கவில்லை. அவர் கேட்டார், எழுதிக்கொண்டார், எடையைக் கூட்டவில்லை. அடுத்த வாரமும் அதே 57.5. 8, 8, 8 வந்தது. அதற்கு அடுத்த வாரம்தான் 60.

அவர் வைத்திருக்கிற முறை இதுதான். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாள். ஒவ்வொரு பெரிய தசைக்கும் வாரத்தில் பத்து செட் பக்கம் வருகிற மாதிரி பிரித்துவிடுவார். செட்டை முடிக்கும்போது இன்னும் இரண்டு தடவை தூக்கலாம் என்கிற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். சொன்ன எண்ணிக்கையை எல்லா செட்டிலும் தொட்டுவிட்டால் 2.5 கிலோ ஏறும். தொடவில்லையென்றால் ஏறாது. ஒன்றேகால் கிலோ பிளேட்டுகள் இரண்டு இருப்பதால்தான் இது நடக்கிறது. பழைய ஜிம்மில் ஐந்து கிலோவுக்குக் கீழே பிளேட்டே கிடையாது.

ஒருநாள் எங்கள் டிப்போ லோடுமேன் ஒருவர் கேட்டார், “நாங்க டெய்லி தடி தூக்குறோம் மாஸ்டர், எங்களுக்கு எதுக்கு இது?” மாஸ்டர் அவரிடம், கடைசியாக எப்போது தோள் பெருத்தது என்று கேட்டார். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் என்றார் அவர். அதே மரத்தடி, அதே தோள், அதே உயரம். உடம்பு அந்தப் பாரத்துக்குப் பழகிக்கொண்டது, அதற்கு மேலே வளர அதற்குக் காரணம் இல்லை. பாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடினால்தான் தசை வளரும். தினமும் அந்தத் தடிகளுக்குச் சிட்டை எழுதுகிறவள் நான், எனக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கியதில்லை. மறுநாள் உடம்பு வலித்தால்தான் வேலை நடந்தது என்பதையும் அவர் ஒத்துக்கொள்வதில்லை. வலி அளவுகோல் இல்லை, நோட்டில் இருக்கும் எண்தான் அளவுகோல்.

நான் காலிக் கம்பி 20 கிலோவில் ஆரம்பித்தேன், இப்போது 70 கிலோ தூக்குகிறேன். நிறைந்த சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோதான். ஆம்பிளை மாதிரி ஒன்றும் ஆகவில்லை. அதற்கு வேண்டிய ஹார்மோன் ஆண்களுக்குப் பல மடங்கு அதிகம், நமக்கு அது வராது. ஜாக்கெட் தோளில் கொஞ்சம் இறுகியது, தையல் பிரித்து விட்டுக்கொண்டேன்.

அம்மாவைச் சேர்க்கக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் சீட்டு இல்லாமல் உள்ளே விடவில்லை. பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறாள். எனக்குக் கோபம் வந்தது, அப்புறம் யோசித்தால் அதுதான் சரி. சீட்டோடு போனதும் ஒரு நாற்காலியைச் சுவரோரம் போட்டார். கையை மார்பில் கட்டிக்கொண்டு 30 விநாடிக்குள் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று பார்த்தார். அம்மாவுக்கு 7. அந்த வயதுப் பெண்களுக்கு 10-க்குக் கீழே வந்தால் குறைவு, விழுவதற்கு வாய்ப்பு அதிகம் என்றார்.

அம்மா முகம் சுண்டிவிட்டது. “இந்த வயசுக்கு மேலயா எனக்கு?” என்றாள். மாஸ்டர் அவள் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒரு கதை மாதிரி சொன்னார். 1990-இல் அமெரிக்காவில் பாஸ்டன் ஊரில், முதியோர் இல்லத்தில் இருந்த பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் பயிற்சி கொடுத்தார்கள், கனமாகவே கொடுத்தார்கள். அவர்கள் வயது சராசரியாக 90. முடித்தவர்களுக்குக் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, தொடைத் தசையே 9 சதவீதம் வளர்ந்தது. “ஆச்சிக்கு இன்னும் 19 வருஷம் பாக்கி இருக்கு” என்றார். அம்மா அன்றைக்கே ஆறு தடவை நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

நாலு மாதத்தில் 7 என்பது 13 ஆனது. இப்போது கையில் ஆறு கிலோ டம்பெல்லைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்காருகிறாள். கீரை ஆய்ந்துவிட்டு அவள்பாட்டுக்கு எழுந்து போகிறாள், நான்தான் கதவு நிலையைப் பார்க்கிறேன்.

குறைகளும் உண்டு. கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுகிற ஸ்குவாட் போட ஒரே ஒரு ஸ்டாண்டுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேலே பையன்கள் கூட்டம், ஒரு செட்டுக்குப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும், பாட்டுச் சத்தமும் அதிகம். பெண்கள் உடை மாற்ற இடம் இல்லை. நான் ஆபீஸிலேயே மாற்றிக்கொண்டு போகிறேன். பலமுறை சொல்லிவிட்டேன், ஒரு தட்டி வைத்து மறைத்தால் போதும், செய்யவில்லை. படி 22, செங்குத்து, ஒரு பக்கம் கைப்பிடி கிடையாது. வயதானவர்களை வரச் சொல்கிற இடத்துக்கு இது பெரிய குறை. ஓணத்துக்கு ஐந்து நாள் பூட்டிவிடுவார். சுத்த சைவம் சாப்பிடுகிற என் தோழிக்குச் சாப்பாட்டுக் கணக்கு போட்டுக் கொடுத்ததில் சோயாவைத் தவிர அவருக்கு வேறு யோசனையே வரவில்லை. பன்னீர், கடலை, பயறு, தயிர் என்று நாங்களே உட்கார்ந்து மாற்றி எழுதினோம்.

சேர்க்கைக்கு 500, மாதம் 900 ரூபாய். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு 500தான். பெண்களுக்குக் காலை பத்திலிருந்து பன்னிரண்டு நல்ல நேரம், கூட்டம் இருக்காது, மாஸ்டரும் பக்கத்திலேயே நிற்பார். ஞாயிறு விடுமுறை. ஜூன், ஜூலையில் சாரல் பிடித்தால் ஜன்னல் வழியாக உள்ளேயே அடிக்கும், கம்பி ஈரமாகிக் கை வழுக்கும். அந்த மாதங்களில் சேருகிறவர்கள் ஒரு காய்ந்த துண்டு கொண்டுபோங்கள், வயதானவர்கள் கூட வந்தால் படியில் அவர்களுக்குப் பின்னால் ஏறுங்கள்.