டாப்ஸ்லிப் ‘காட்டுக்குள் ரூம்’ பேக்கேஜ்: அட்வான்ஸ் போடும் முன் படியுங்கள்

“டாப்ஸ்லிப் காட்டுக்குள் மரவீட்டில் ஒரு ராத்திரி, நைட் சஃபாரி, கேம்ப் ஃபயர், மறுநாள் வால்பாறை, அருவிக் குளியல். வண்டி, சாப்பாடு, ஃபாரஸ்ட் ஃபீஸ் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 3,499 மட்டுமே.”

இன்ஸ்டாகிராமில் வந்த இந்த விளம்பரத்தை நம்பி, மே மாத லீவுக்குத் திருப்பூரிலிருந்து ஒரு குடும்பம் கிளம்பியது. பெரியவர்கள் ஐந்து, குழந்தைகள் மூன்று. பேசிய தொகை 27,992 ரூபாய். வீடு திரும்பும்போது செலவாகியிருந்தது 44,492 ரூபாய். செக்போஸ்ட்டில் கட்டியதும் வழியில் சாப்பிட்டதும் இதில் சேராது. மரவீடும் இல்லை, சஃபாரியும் இல்லை, அருவியில் தண்ணீரும் இல்லை. எந்த இடத்தில் எப்படி ஏமாந்தார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுகிறோம். அடுத்த லீவுக்கு இதே வலையை விரிப்பார்கள்.

முதலில் அந்த ரூம். டாப்ஸ்லிப் ஆனைமலை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது. அங்கே தங்குவதற்கு உள்ள அறைகள் அத்தனையும் வனத்துறையுடையவை. தனியார் ரிசார்ட்டோ ஹோம்ஸ்டேவோ அங்கே ஒன்றுகூடக் கிடையாது. தனியார் இடங்கள் எல்லாம் மலைக்குக் கீழே, சேத்துமடை, ஆனைமலை, ஆழியார் பக்கம் இருக்கின்றன. அவற்றில் நல்ல இடங்களும் உண்டு, ஆனால் அவை காட்டுக்கு வெளியே. டாப்ஸ்லிப்பில் தங்க வேண்டுமென்றால் காப்பகத்தின் சொந்த இணையதளத்தில் பதிவு செய்யலாம், இல்லையென்றால் பொள்ளாச்சியிலுள்ள வனத்துறை அலுவலகத்தில் நேரடியாகக் கேட்கலாம். நடுவில் இன்னொருவர் நின்று “ரூம் என் கையில் இருக்கிறது” என்றால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் காட்டிய மரவீட்டுப் படம் பொய்ப் படம் இல்லை. பரம்பிக்குளத்தில் கேரள வனத்துறை கட்டிய மரவீடு அது. பரம்பிக்குளம் கேரளத்தில் இருந்தாலும் ரோடு டாப்ஸ்லிப் வழியாகத்தான் போகிறது. சேத்துமடையில் தமிழ்நாட்டு வனத்துறை செக்போஸ்ட், மேலே ஆனப்பாடியில் கேரள வனத்துறை செக்போஸ்ட். இரண்டு மாநிலம், இரண்டு கட்டணம், இரண்டு ரசீது. இது தெரியாதவர்களிடம்தான் “ரெண்டு காடும் ஒரே டிக்கெட்டுல” என்று விற்கிறார்கள். இந்தக் குடும்பத்துக்கும் அப்படித்தான் விற்றார்கள். சேத்துமடை கேட்டில் ஆளுக்கும் வண்டிக்கும் மறுபடியும் பணம் கட்டச் சொன்னபோதுதான் பேக்கேஜில் சேர்த்ததாகச் சொன்ன ஃபாரஸ்ட் ஃபீஸ் கட்டப்படவே இல்லை என்று தெரிந்தது.

பணம் வாங்கிய விதத்தைக் கவனியுங்கள். முதலில் பாதித் தொகை 13,996 ரூபாயை யூபிஐயில் போடச் சொன்னார்கள். போடும்போது திரையில் வந்தது டிராவல்ஸ் பெயர் இல்லை, ஒரு தனி ஆளின் பெயர். “அக்கவுன்டன்ட் நம்பருங்ணா, அதிலயே போட்டு விடுங்க” என்று பதில். நான்கு நாள் கழித்து ‘ஃபாரஸ்ட் பெர்மிட் டெபாசிட்’ என்று 4,000, திரும்பக் கிடைக்குமாம். அதற்கடுத்த நாள் ‘இ-பாஸ் சார்ஜ்’ ஆளுக்கு 100 என்று 800. கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மீதி 13,996. ஒவ்வொரு தடவையும், இப்போது போடாவிட்டால் முன்னால் போட்டதும் போய்விடும் என்ற பயத்திலேயே பணம் போயிருக்கிறது.

டெபாசிட் விஷயம் இது: வனத்துறை செக்போஸ்ட்டில் நுழைவுக் கட்டணம், வண்டிக் கட்டணம் வாங்கி ரசீது கொடுப்பார்கள். ஒரு டிராவல்ஸ்காரரின் சொந்தக் கணக்கில் வனத்துறைக்காக டெபாசிட் போடுவது என்று எதுவும் இல்லை. இ-பாஸுக்குக் காசே கிடையாது. ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதலும், வால்பாறைக்கு 2025 நவம்பர் 1 முதலும் இ-பாஸ் நடைமுறையில் இருக்கிறது. அரசு இணையதளத்தில் மொபைல் நம்பர், வண்டி நம்பர், தேதி, எத்தனை பேர் என்று போட்டால் இலவசமாக வந்துவிடும். பாஸ் வண்டிக்கு உரியது. ஆளுக்கு இத்தனை என்று கேட்டால் அது அப்பட்டமான ஏமாற்று.

கிளம்பின அன்று காலை பொள்ளாச்சி தாண்டும்போது ஃபோன் வந்தது. “அண்ணா, திடீர்னு விஐபி வந்துட்டாங்க, மேல ரூம் பிளாக் ஆயிருச்சுங்ணா. கீழயே இதைவிட நல்ல பண்ணை வீடு போட்டிருக்கறனுங்ணா, பசங்களுக்குத் தண்ணித்தொட்டியெல்லாம் இருக்குதுங்.” இந்தப் பேச்சில் ஏமாறாதீர்கள். வனத்துறை அறை உண்மையிலேயே ரத்தானால், பதிவு செய்தவரின் பெயருக்குத்தான் தகவல் வரும். இவர்கள் பெயரில் பதிவே இல்லை. ‘இன்னாருக்கு, இன்ன தேதிக்கு’ என்று வனத்துறை கொடுத்த பதிவுச் சீட்டை முன்னாடியே கேட்டிருந்தால் 4,000 டெபாசிட் கேட்ட அன்றே குட்டு உடைந்திருக்கும்.

பண்ணை வீட்டில் எட்டுப் பேருக்கு இரண்டு அறை, ஒரு பாத்ரூம். அரிசிம்பருப்புச் சாப்பாடு, பள்ளிபாளையம் சிக்கன் என்று சொன்னதில், வந்தது ஆறிப்போன பரோட்டாவும் ஒரு தூக்குப்போசியில் குருமாவும். சாப்பாட்டைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ராத்திரி நடந்ததுதான் பெரிய ஆபத்து.

‘நைட் சஃபாரி’ என்று 4,500 ரூபாய் தனியாக வாங்கிக்கொண்டு, ஒரு ஜீப்பில் எட்டுப் பேரையும் ஏற்றி, மலையடிவாரத் தோப்பு வழியில் கையில் ஸ்பாட்லைட்டுடன் சுற்றிக் காட்டினார்கள். டாப்ஸ்லிப்பில் சஃபாரி வனத்துறை வண்டியில், பகல் நேரத்தில், அங்குள்ள கவுன்டரில் டிக்கெட் எடுத்துப் போவது மட்டும்தான். தனியார் ஜீப்புக்கு அனுமதி கிடையாது. காட்டுயிர் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 27ஆம் பிரிவு, அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. இப்படிப்பட்ட ஜீப் காட்டுக்குள் நுழைந்து பிடிபட்டால், ஓட்டுநரோடு வண்டியில் இருக்கும் குடும்பமும் வழக்கில் வரலாம். “எனக்குத் தெரியாது, பேக்கேஜில் இருந்தது” என்பது அங்கே எடுபடாது.

சட்டத்தை விட்டுவிடுங்கள், உயிரைப் பாருங்கள். அந்தத் தோப்புகளுக்கு ராத்திரியில் யானை இறங்குவது இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். முகத்தில் வெளிச்சம் அடித்தால் யானை மிரளும். மண் வழியில் ஜீப்பைத் திருப்பப் போதுமான இடமும் இருக்காது. 2025 பிப்ரவரியில் மாலை நேரத்தில் வால்பாறை ரோட்டில் பைக்கில் போன ஜெர்மன் நாட்டுப் பயணி ஒருவரை யானை தாக்கி, அவர் இறந்துபோனார். தேயிலைத் தோட்டத்தில் டென்ட் போட்டுத் தருகிறோம் என்பதும் இதே ரகம்தான். வால்பாறைத் தோட்டங்களில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. குழந்தைகளோடு துணிக்கூடாரத்தில் படுக்க எந்தச் சலுகை விலையும் போதாது. காட்டோரத்தில் கேம்ப் ஃபயர் கேட்காதீர்கள், போட்டாலும் உட்காராதீர்கள். காய்ந்த காலத்தில் அந்த ஒரு பொறி போதும்.

மறுநாள் வால்பாறை. ஆழியார் செக்போஸ்ட் பக்கம் குரங்கு அருவி. பாறை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். கோடையில் அங்கே பல வருடம் இப்படித்தான். ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் வெள்ளம் வரும், உடனே வனத்துறை குளிக்கத் தடை போட்டுவிடும். இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் அளவாக விழும் நாட்கள்தான் குளிக்க ஏற்றவை. கோவைக் குற்றாலத்துக்கும், திருமூர்த்திமலை பஞ்சலிங்க அருவிக்கும் இதே கணக்குதான். ஆகவே அருவிக் குளியல் என்று தேதி போட்டு விற்பதே தவறு. போகிற நாளுக்கு முந்தின நாள் செய்தித்தாளின் கோவைப் பதிப்பையோ வனத்துறை அறிவிப்பையோ பாருங்கள். அருவி அடைத்திருந்தால் அதற்கான பணம் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அருவி இல்லையென்று ‘யாருக்கும் தெரியாத ஆற்று ஸ்பாட்’டுக்குக் கூட்டிப் போவதாகச் சொன்னால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். 2023 அக்டோபரில் வால்பாறை சோலையாறு எஸ்டேட் பகுதி ஆற்றில் குளித்த கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் மூழ்கி இறந்தார்கள். மேலே மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் ஏறிவிடும்; வழுக்குப் பாறைக்கு இடையே இருக்கும் குழியின் ஆழம் கரையிலிருந்து தெரியாது.

கடைசி அடி வண்டி வாடகையில். 40 கொண்டை ஊசி வளைவும் இறங்கி ஆழியார் வந்ததும் டெம்போ ட்ராவலர் ஓட்டுநர் ஒரு சீட்டை நீட்டினார். ஒரு நாளுக்குக் குறைந்தபட்சம் 300 கிலோமீட்டர், இரண்டு நாளுக்கு 600. கிலோமீட்டருக்கு 22 ரூபாய் வீதம் 13,200. பேட்டா நாளுக்கு 1,000 வீதம் 2,000. ஆக 15,200. டிராவல்ஸ்காரர் கொடுத்தது 8,000, மீதி 7,200 நீங்கள் கொடுங்கள் என்றார். உண்மையில் வண்டி ஓடியது ஏறத்தாழ 320 கிலோமீட்டர்தான். ஆனால் ‘மினிமம் கிலோமீட்டர்’ என்பது நம் ஊர் வாடகை வண்டிகளில் நெடுநாளாக உள்ள வழக்கம். ஓட்டுநர் சொன்ன கணக்கில் தப்பில்லை, பேக்கேஜ் விற்றவர் அதை மறைத்ததுதான் தப்பு. மலை ஏறும் பயணத்துக்கு வண்டி பேசும்போது ஐந்து விஷயத்தைப் பிரித்துக் கேளுங்கள்: மினிமம் எத்தனை கிலோமீட்டர், கணக்கு ஷெட்டிலிருந்தா வீட்டிலிருந்தா, பேட்டா ராத்திரிக்குத் தனியா, மலைச் சார்ஜ் உண்டா, டோல், பார்க்கிங், பெர்மிட் யார் செலவு. பரம்பிக்குளமும் போவதென்றால் வண்டிக்குக் கேரளப் பெர்மிட் இருக்கிறதா என்பதையும் கேட்க வேண்டும்.

நம்பர் பிளேட்டையும் பாருங்கள். ஓட்டுநரோடு வாடகைக்கு வரும் வண்டிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை சொந்த உபயோக வண்டி; அதை வாடகைக்கு விட்டு விபத்தானால், உள்ளே இருப்பவர்களுக்கு இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பது சிக்கலாகிவிடும்.

அட்வான்ஸ் போடும் முன் இந்த மெசேஜை வாட்ஸ்அப்பில் அப்படியே அனுப்புங்கள்:

“தங்கும் இடத்தின் பெயர், முழு முகவரி, லொகேஷன் அனுப்பவும். வனத்துறை அறையானால் எங்கள் பெயரில் பதிவுச் சீட்டு வேண்டும். உங்கள் நிறுவனத்தின் ஜிஎஸ்டி நம்பர் அனுப்பவும். வண்டி நம்பர், மினிமம் கிலோமீட்டர், பேட்டா, சேர்க்காத செலவுகள் எவை? எங்கள் பக்கம் ரத்து செய்தால் எவ்வளவு, உங்கள் பக்கம் ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும்? பணம் நிறுவனத்தின் பெயரிலுள்ள கணக்கில் மட்டும் போடுவோம்.”

ஜிஎஸ்டி நம்பர் 15 எழுத்து. தமிழ்நாட்டுப் பதிவு 33 என்று தொடங்கும், கேரளப் பதிவு 32. ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் யார் பெயர், பதிவு உயிரோடு இருக்கிறதா என்று வந்துவிடும். சின்ன ஹோம்ஸ்டேக்காரர்களுக்கு ஜிஎஸ்டி இல்லாமலும் இருக்கலாம், அதற்காக மட்டும் ஒருவரை ஒதுக்க வேண்டாம். ஆனால் நம்பரைக் கொடுத்துவிட்டு அது வேறு ஊர் ஜவுளிக்கடையின் பெயரில் இருந்தால் விலகிவிடுங்கள்.

ஏற்கனவே பணம் போட்டு ஏமாந்தவர்கள் உடனே 1930க்கு அழையுங்கள், அல்லது தேசிய சைபர் குற்றத் தளத்தில் புகார் போடுங்கள். சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கிலேயே நிறுத்தி வைக்க வழியுண்டு. யூபிஐ ரசீதில் இருக்கும் 12 இலக்க எண், வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் அழிக்காமல் வையுங்கள். கணக்கு முடங்கியதும் “ரீஃபண்ட் போடறனுங்ணா, இந்தக் கியூஆரை ஸ்கேன் பண்ணுங்க” என்று அதே ஆள் வருவார். உங்களுக்குப் பணம் வருவதற்கு யூபிஐ ரகசிய எண்ணை (PIN) போட வேண்டியதே இல்லை. அந்த ரகசிய எண்ணைக் கேட்டால் உங்கள் கணக்கிலிருந்து பணம் போகப்போகிறது என்று அர்த்தம்.

ஆள் ஓடிப்போகாமல் இருந்து, சொன்னதைத் தராமல் விட்டிருந்தால் அது சேவைக் குறைபாடு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதில் தீராவிட்டால், பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். திருப்பூர்க்காரர் பொள்ளாச்சிக்கு அலைய வேண்டியதில்லை. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். இந்தக் குடும்பம் நோட்டீஸ் அனுப்பிவிட்டது. பேக்கேஜ் விற்றவர் டெபாசிட் 4,000ஐ மட்டும் திருப்பித் தருவதாகப் பேசுகிறார். மீதியை விடுவதாக அவர்கள் இல்லை.

அதே மரவீட்டுப் படம் இந்த வாரம் வேறொரு டிராவல்ஸ் பெயரில் ஓடுகிறது, ஆளுக்கு 2,999 என்று. கீழே கொடுத்திருக்கும் யூபிஐ நம்பர் மாறவில்லை.